கீழ்மதகில் எத்தனை பேர்

ஈவ்லின் கீழ்மதகுத் தெருவுக்குள் நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணி. நவம்பர் பிறந்தும் மழை இறங்கவில்லை. வானம் கரி படிந்த ஈயச்சட்டி போல மங்கிக் கிடந்தது. தெருமுனை வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நீள நோட்டு. தாம்பரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவள் தமிழ் டீச்சர். வீடு வீடாகப் போய் ஆள் கணக்கு எடுக்கும் வேலை இந்த வருடம் அவள் தலையில் விழுந்திருந்தது. அவளுக்கு ஒதுக்கியது இந்த ஒரே தெரு. நாற்பத்து மூன்று வீடுகள்.

மாடம்பாக்கம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ரெட்டமதகு ஏரிக்கு இரண்டு மதகுகள். கரையின் ஒரு கோடியில் கீழ்மதகு, அதன் கீழே இந்தத் தெரு. மறுகோடியில் மேல்மதகு, அதன் கீழே மனை போட்டு விற்ற மேல்மதகு நகர். ஈவ்லின் அந்த நகரில் வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கரைமேல் நடந்தால் கால் மணி நேரம்தான். ஆனாலும் இந்தத் தெருவில் அவள் கால் வைத்ததில்லை. இங்கிருந்து யாரும் அங்கே வந்து அவள் பார்த்ததும் இல்லை.

முதல் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் செல்லியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கிரைண்டரை நிறுத்திவிட்டு முழங்கை மாவோடு வாசலுக்கு வந்தாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"பதினாலு பேர், டீச்சரம்மா."

ஈவ்லின் நிமிர்ந்து பார்த்தாள். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. அதில் ஒன்றுக்கு அடிப்பாகம் தடிமனாகத் தைத்திருந்தது, ஒரு கால் குட்டையானவர் போடுவது.

"பதினாலு பேரும் இங்கேயேவா படுக்கறீங்க?"

"ஆமா. பதினாலு." சொல்லும்போது செல்லியம்மாள் ஈவ்லினைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துச் சொன்னாள்.

அடுத்த வீட்டில் பதினொன்று என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவர் மட்டும் கட்டிலில் படுத்திருந்தார். அவர் ஒன்பது என்றார். ஈவ்லினுக்குள் சந்தேகம் கிளம்பியது. ரேஷன் கார்டா, போலி வாக்காளரா, ஏதாவது வீட்டுத் திட்டத்துக்காக ஊரே சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு சொல்கிறதா? அவள் வகுப்பில் காப்பியடிக்கும் பையன்களை முகம் பார்த்தே பிடிப்பவள். இங்கே எல்லார் முகத்திலும் ஒரே பதில் எழுதியிருந்தது.

அவர்கள் சொன்னதைப் பேனாவால் எழுதினாள். பிறகு வாசல் செருப்பு, கொடியில் காயும் துணி, குளியலறை மாடத்தில் பல் துலக்கும் பிரஷ் என்று தன் கண்ணால் எண்ணி, உண்மைக் கணக்கை ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். செல்லியம்மாள் வீடு இரண்டு. கிழவர் வீடு ஒன்று.

ஐந்தாவது வீட்டில் ஓர் இளம்பெண், கோகிலவாணி. உள்ளே தூளியில் குழந்தை தூங்கியது. ஒரு சின்னக் கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈவ்லின் அதையும் சேர்த்து மூன்று என்று குறித்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு கோகிலவாணி உள்ளே போய் மோர் கொண்டு வந்தாள்.

இரண்டு டம்ளர்.

"எனக்கு ஒண்ணு போதும்மா."

"உங்க கூட வந்துகினு இருக்காரே, அந்த சாருக்கு."

ஈவ்லின் திரும்பிப் பார்த்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் அவள் முதுகுக்கு அருகில் ஒரு வாசனை நின்றது. வெகுகாலம் தண்ணீருக்கடியில் கிடந்த சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாசனை. ஏரி வறண்டு கிடந்தது. இரண்டு மாதமாக அதில் ஆடுதான் மேய்ந்தது.

திரும்பியபோது கோகிலவாணியின் முகம் வெளுத்திருந்தது. இரண்டாவது டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எங்க வூட்ல இருவது பேர். இருவதுன்னு எழுதிக்கோங்க."

ஈவ்லினுக்குச் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

தெருக்கோடியில் ஒரு டெம்போ வழிமறித்து நின்றது. தண்ணீர் கேன் போடும் குமரேசன். தெருவில் பாதி வீடு அவனுடையதுதான், வாடகைக்கு விட்டிருந்தான். நாற்பது வயதுக்குமேல், நெற்றியில் திருநீறு, கையில் கார் சாவி. "குடுங்க டீச்சர், பார்க்கலாம்" என்று நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினான். பென்சில் எண்களைப் பார்த்ததும் அவன் விரல் நின்றது.

"இதெல்லாம் இன்னா?"

"நான் எண்ணினது."

"நாங்க சொன்னத மட்டும் எழுதுங்க. நீங்களா எண்ணாதீங்க." குரலை உயர்த்தவில்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மிரட்டறீங்களா?"

அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வேண்டுமென்றே மீதி வீடுகளையும் எண்ணினாள். ஒன்றுகூட விடவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு பென்சில் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு இருந்தது. சேற்றில் விரல் தொட்டு வைத்தது போல. இன்னும் காயவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், அவள் கூட்டியே பார்க்காத கூட்டுத்தொகை எழுதியிருந்தது. அதுவும் சேற்றால்தான்.

௱௮௰௭.

பழைய தமிழ் எண். தமிழ் டீச்சருக்கு அதைப் படிக்கத் தெரியும். நூற்று எண்பத்தேழு. ஆட்டோவின் குலுக்கலில் அவளே ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். நூற்று எண்பத்தேழு.

நோட்டு அவள் கையை விட்டுப் போனது ஒரே தடவைதான், குமரேசன் வாங்கியபோது. அவன் வேலைதான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். தண்ணீர் கேன் போடுகிறவனுக்கு இந்த எண்கள் எப்படித் தெரியும், அவன் திருப்பிக் கொடுத்த பிறகு அவள் எண்ணிய வீடுகளிலும் பொட்டு எப்படி வந்தது என்ற கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் அவளும் மகள் ஜென்சியும்தான். கணவன் ஆபேல் வங்கியில் வேலை, கோயம்புத்தூருக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. ஜென்சி ஆறாம் வகுப்பு. சாவி வைத்திருப்பாள், பள்ளி விட்டதும் தானே திறந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மாடியில் சந்திரிகா குடியிருந்ததால் பயமில்லை.

"அம்மா, உங்க கணக்கெடுப்புல இருந்து ஒரு அண்ணா வந்தாங்க."

ஈவ்லின் பையை இறக்கினாள். மேல்மதகு நகருக்கு வேறு டீச்சர். அவள் போன வாரமே முடித்துவிட்டாள்.

"எப்போ?"

"இப்பத்தான். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. எத்தனை பேர்னு கேட்டாங்க. மூணுன்னு சொன்னேன். அப்பா ஊர்ல இருக்காங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்போ இரண்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"பார்க்க எப்படி இருந்தாங்க?"

ஜென்சி யோசித்தாள். "காலேஜ் பையன் மாதிரி. முழுக்க நனைஞ்சு இருந்தாங்க. முகத்தைச் சரியா பார்க்கல. அவங்க கீழேயே பார்த்துட்டு இருந்தாங்கம்மா."

"கீழே என்ன?"

"நம்ம செருப்பை எண்ணினாங்க."

வாசற்படியில் இரண்டு ஈரச் சுவடுகள். ஈவ்லின் குனிந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்புச் சேறு ஒட்டியது.

வெளியே சாலை காய்ந்து வெண்மையாகக் கிடந்தது.

மழை அன்று இரவு பிடித்தது. மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளரான தலைமையாசிரியர் தேவானந்தம் போன் செய்தார். "அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதி முடிச்சிடுங்க டீச்சர். உங்க நகர்ல கணக்கு முடிஞ்சது. இருநூத்தி நாப்பது. அந்தத் தெரு ஒண்ணுதான் பாக்கி."

"அவங்க சொல்றது அறுநூறுக்கு மேல வருது சார். நிஜத்துல நூத்தி எண்பத்தேழு."

"ஏன் அவ்வளவு வித்தியாசம்?"

"தெரியல சார். ஆனா தெரிஞ்சுக்கப் போறேன்."

மூன்று நாள் மழை. விட்டு விட்டுப் பெய்யாமல், ஒரே சீராக, யாரோ அளந்து ஊற்றுவது போலப் பெய்தது. ஆடு மேய்ந்த ஏரி மூன்றாம் நாள் காலையில் கரையின் தோளுக்கு ஏறியிருந்தது. உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தும் தண்ணீர் இறங்கவில்லை. அன்று மத்தியானம் ஜென்சியை மாடியில் சந்திரிகாவிடம் விட்டுவிட்டு, நோட்டை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு, ஈவ்லின் கீழ்மதகுத் தெருவுக்குப் போனாள். ஒரு பையனை ஏவித் தன் மகளை மிரட்டியவன் யார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

குமரேசன் தன் கேன் கிடங்கில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். காலேஜ் பையன், நனைந்த துணி, செருப்பு எண்ணியது.

"நான் அனுப்பல டீச்சர். அவன யாரும் அனுப்ப முடியாது."

"அப்போ யார் அவன்?"

"எண்ணிராசான்னு சொல்லுவோம். ராசா கூட இல்ல, இளவரசு. பேர் மறந்துபோச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"ராசா சண்டைக்குப் போயிட்டான். இவன் மட்டும் இங்க. பத்தொம்பது வயசு. ஏழு நாள் மழை. கரை ஒடைஞ்சா ரெண்டு ஊரும் காலி. ஒரு மதகைத் தொறந்து விட்டா ஒரு ஊர் தப்பிக்கும். எதைத் தொறக்கறது? தலைய எண்ணினு வாங்கடான்னு ஆள் அனுப்பினான். எந்தப் பக்கம் ஜனம் கம்மியோ, அந்தப் பக்கம் தொறக்கறது. அந்த ஊருக்குச் சொல்லக்கூடாது. சொன்னா மதகுல வந்து மறிச்சுக்குவாங்க. இதான் அவன் எடுத்த முடிவு."

"உங்க பக்கம்தான் கம்மி."

"ஆமா. ஆனா எண்ண வந்தவன் எதுக்குன்னு உளறிட்டான். எங்காளுங்க கூட்டிச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேர் இருந்த வூட்ல எட்டுன்னாங்க. அவனும் நம்பி மேல்மதகைத் தொறந்துட்டான்."

மழை தகரக் கூரையில் இரைந்தது. குமரேசன் குரலைத் தாழ்த்தினான்.

"தண்ணி வடிஞ்சப்புறம் அவனே எறங்கிப் பொணத்த எண்ணினான். மூணு நாள் எண்ணினானாம். அப்பதான் தெரிஞ்சுது, மேல்மதகுலதான் ஜனம் ஜாஸ்தின்னு. அன்னிலருந்து யார் சொல்றதையும் அவன் நம்பறதில்ல. ஆனா கேக்கறத நிறுத்தவும் இல்ல, வேற கணக்கு கெடைக்காம சொன்னத வச்சேதான் தொறப்பான். பெருமழைக்கு முன்னாடி வருவான். வாசல்ல நிப்பான். எங்கப்பா சொன்னாரு, அவருக்கு அவங்கப்பா சொன்னாரு: எப்ப யார் கேட்டாலும் கூட்டிச் சொல்லு."

"நம்பாதவன் எதுக்குக் கேக்கறான்?"

"நெசம் சொல்ற ஆள் ஒண்ணு கெடைக்காதான்னுதான்."

அவன் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

ஈவ்லினுக்கு அப்போதுதான் அது உறைத்தது. கால்விரலிலிருந்து ஏறி வந்தது கோபம்.

"நீங்க கூட்டிச் சொன்னா தண்ணி எங்க பக்கம் வரும். அது உங்களுக்குத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன பெருமழையில எங்க நகர்ல இரண்டு பேர் போனாங்க. ஒருத்தங்க என் மாமியார். கீழ் அறையில படுத்திருந்தவங்களைத் தூக்கக்கூட முடியல. கழுத்து வரைக்கும் தண்ணி ஒரே நிமிஷத்துல—"

"தபீதாள்" என்றான் குமரேசன்.

அவள் நிறுத்தினாள்.

"இன்னொருத்தர் பேர் சம்பந்தம். மிலிட்டரில இருந்தவரு. ரெண்டு பேர் பேரும் இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும் டீச்சர். யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க."

இத்தனை வருடமாக இங்கிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவன் கையை நீட்டினான்.

"குடுத்துடுங்க. பென்சில்தான, அழிச்சிடறேன். கோகிலவாணி கொழந்தைக்கு நாப்பது நாள்கூட ஆவல."

"அழிச்சா என் பொண்ணு?"

அவன் நீட்டிய கை மெல்ல இறங்கியது. தான் இதை நம்பத் தொடங்கிவிட்டது அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஒருவேளை எல்லாமே நாடகமோ, மோசடியை மறைக்க இவன் கட்டிய கதையோ என்று ஒரு புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதால் கரைமேல் நடந்தாள். மணி ஐந்தரைதான். ஆனாலும் மேகம் கவிந்து, எதிரே வருபவர் முகம் தெரியாத வெளிச்சம். வலப்பக்கம் ஏரி, கைநீட்டினால் தொடும் உயரத்தில், சத்தமில்லாமல் புடைத்து நின்றது.

பாதி வழியில் சேற்று வாசனை வந்தது.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

பின்னால் காலடி இல்லை. எண்ணும் சத்தம்தான் இருந்தது. அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் யாரோ மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டு வந்தார்கள். அவள் நின்றாள். எண்ணிக்கையும் நின்றது.

அவன் பின்னால் இல்லை. முன்னால் நின்றிருந்தான்.

ஜென்சி சொன்னது சரிதான். காலேஜ் பையன் மாதிரிதான் இருந்தான். மெலிந்த தோள், முழங்காலோடு ஒட்டிய துணி, காதில் எதுவும் இல்லாமல் தொங்கிய பெரிய துளைகள். மழை அவன்மேல் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் அவனுக்குள்ளிருந்து வழிவது போல வழிந்தது. பார்வை அவள் கால்களில் இருந்தது.

"கீழே எத்தனை பேர்?"

பரீட்சைக்கு முந்தைய நாள் தூங்காத மாணவனின் குரல். அதில் மிரட்டல் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

அவள் நோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கண்ணால் எண்ணினாய். உன் பின்னால் வந்து பார்த்தேன். நீ பொய் எழுதவில்லை. சொல். கீழே எத்தனை, மேலே எத்தனை?"

இரண்டு எண்ணும் அவளுக்குத் தெரியும். நூற்று எண்பத்தேழு, இருநூற்று நாற்பது. இரண்டும் உண்மை. உண்மையைச் சொல்வதில் பாவமென்ன? சொல்லிவிட்டு நடந்தால் ஜென்சி பிழைப்பாள். தபீதாளுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் அவள் கண்ணில் நின்றது. எண்ணியிருக்கக் கூடாது. எண்ணிவிட்டால் அப்புறம் அதை ஒரு எண் என்று நினைக்க முடியவில்லை.

"இரண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றாள்.

"ஒப்பா?"

"ஒப்பு."

வாழ்நாளில் அவள் இப்படி நேருக்கு நேர் நின்று பொய் சொன்னதில்லை. அவன் முதல்முறையாக முகத்தை நிமிர்த்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தால் தாங்காது என்று தோன்றியது. ஏரித் தண்ணீர் கரையை நக்கும் சத்தம் கேட்டது.

"ஒப்பு என்றால்," குரல் மிக அருகில் வந்துவிட்டது, "நீ எந்தப் பக்கம்?"

அவளுக்கு விளங்க ஒரு கணம் ஆனது. சரிசமமான தராசில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். மேலே என்றால் கீழே போகும். கீழே என்றால்—

"என்னை எதுலயும் சேர்க்காதே."

"எதிலும்?"

"எதுலயும்."

நெற்றியில் ஒரு விரல் பட்டது. ஈரமாக, பனிக்கட்டி போல. பொட்டு வைப்பது போலத் தொட்டு எடுத்தது. கண்ணைத் திறந்தபோது கரையில் யாரும் இல்லை. காலடியில் மண் அதிர்ந்தது. வெகு ஆழத்தில் இரும்பு உராயும் ஓசை முதலில் கீழ்க்கோடியிலிருந்தும், பிறகு மேற்கோடியிலிருந்தும் கேட்டது.

அவள் ஓடினாள்.

இரண்டு மதகின் ஷட்டரும் துருப்பிடித்து இருபது வருடமாக எந்த மனிதராலும் அசைக்க முடியாதவை. அன்று மாலை இரண்டும் ஒரே அளவில், சரியாக ஒரு சாண் உயர்ந்திருந்தன. யார் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்மதகிலும் மேல்மதகிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. பண்டம் பாத்திரம் போயிற்று, உயிர் போகவில்லை. குமரேசன் டெம்போவை இரண்டு பக்கமும் ஓட்டினான். தன் தெருவுக்கு ஒரு நடை, நகருக்கு ஒரு நடை. விடிவதற்குள் எல்லாரையும் ஈவ்லினின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தான்.

மறுநாள் காலை பள்ளியின் பெரிய ஹாலில் இரண்டு பக்கத்து ஜனமும் கலந்து உட்கார்ந்திருந்தது. சந்திரிகா பக்கத்தில் ஜென்சி, அடுத்து ஈவ்லின், அவளுக்கடுத்து செல்லியம்மாளும் குட்டைக் கால் மகனும். கோகிலவாணியின் குழந்தை கைமாறிக் கைமாறி யார் யார் மடியிலோ இருந்தது. மேல்மதகு நகர் ஆட்கள் அதைக் கொஞ்சினார்கள். குமரேசன் எதிரே வந்தபோது ஈவ்லினைக் கும்பிட்டான். அவள் நெற்றியைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கண்ணாடியில் அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள், அங்கே ஒன்றும் இல்லை.

பொங்கல் பொட்டலம் கொடுக்க தேவானந்தம் வரிசை வரிசையாகத் தலையை எண்ணினார். "இந்த வரிசை பதினொண்ணு" என்று பதினொரு பொட்டலம் வைத்தார். ஈவ்லினுக்கு வரவில்லை.

"சார், எனக்கு."

"அட, சாரி டீச்சர்." மறுபடி எண்ணினார். மறுபடியும் பதினொன்று. மூன்றாம் முறை விரலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டிக்கொண்டே வந்தார். ஜென்சியைச் சுட்டிய விரல் ஈவ்லினைத் தாண்டி செல்லியம்மாளிடம் போனது. "பதினொண்ணுதான வருது. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல, கண்ணு எங்கயோ தப்புது."

ஈவ்லின் சிரித்து வைத்தாள். ஜென்சி தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். மகள் விரல் தன் கையில் படும்போது சூடாக இருந்தது. அது போதும் என்று ஈவ்லின் நினைத்துக்கொண்டாள். எண்ணிக்கையில் வராவிட்டால் என்ன, இவள் கண்ணுக்குத் தெரிகிறேன், போதும்.

மத்தியானம் மழை மறுபடி வலுத்தது. கரண்ட் இல்லை. உண்ட களைப்பில் ஹால் முழுக்க ஜனம் சுவரில் சாய்ந்தும் தரையில் சுருண்டும் கண்ணயர்ந்திருந்தது. ஜென்சி அம்மாவின் தொடையில் கால் போட்டுத் தூங்கினாள். ஈவ்லின் மட்டும் விழித்திருந்தாள்.

வாசல் பக்கம் சேற்று வாசனை எழுந்தது.

"ஒன்று. இரண்டு. மூன்று."

அவளைத் தவிர யாரும் கண் விழிக்கவில்லை. குரல் வாசலோர வரிசையில் தொடங்கி, ஒவ்வொருவர் முன்னும் நின்று, நின்று நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஈரம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உருவம் இல்லை. முதல் வரிசை முடிந்து, இரண்டாவது முடிந்து, அவள் வரிசைக்குத் திரும்பியது.

"நூற்றேழு." சந்திரிகா.

"நூற்றெட்டு." ஜென்சி.

ஈவ்லின் முன்னால் அது நிற்கவில்லை.

"நூற்றொன்பது" என்றது செல்லியம்மாளிடம்.

அவள் மூச்சை விட்டாள். கேட்டது கேட்டபடிதான் நடக்கிறது. குரல் கரும்பலகைச் சுவர் வரைக்கும் போய் முடிந்தது. அங்கே வெகுநேரம் மௌனம். கணக்கு எங்கோ ஒத்துவராதவன் யோசிக்கும் மௌனம். போய்விட்டான் என்று அவள் நினைத்தாள்.

"ஒன்று" என்றது குரல், வாசலிலிருந்து. "இரண்டு."

இந்த முறை வேகமாக வந்தது. ஈவ்லின் மகளை இழுத்து மடியில் போட்டு இரு கையாலும் மூடிக்கொண்டாள். தரையின் ஈரம் அவர்கள் வரிசைக்குத் திரும்பியது.

"நூற்றேழு" என்றது சந்திரிகாவிடம்.

பிறகு ஓர் அடி நகர்ந்து, ஈவ்லினின் கைகளுக்குள் மறைந்த ஜென்சியின் தலைக்கு நேராகச் சற்றே நின்று, அங்கே எதுவும் சொல்லாமல் செல்லியம்மாளிடம் போனது.

"நூற்றெட்டு."